டிக்கெட்டில் எழும்பூர், ரயில் தாம்பரத்தில்: புனரமைப்பு நடக்கும் நிலையத்திலிருந்து நீண்ட பயணம்

தொலைதூர ரயிலுக்கு 60 நாள் முன்பே டிக்கெட் எடுத்துவிடலாம். ஆனால் வேலை நடக்கும் நிலையமாக இருந்தால், அந்த ரயில் எங்கிருந்து கிளம்பும் என்பது பயணத்துக்குச் சில வாரம் முன்புதான் தெரியவரும். சில சமயம் சில நாள் முன்புதான் தெரியவரும். எந்தப் பிளாட்பாரம் என்பது கிளம்பும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்புதான் உறுதியாகும். பயணிகள் படும் சிரமத்தில் பாதிக்கு மேல் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. டிக்கெட் எடுக்கும்போது நமக்குத் தெரிந்த ஊர் நிலவரம் ஒன்று, கிளம்பும் நாளில் இருக்கும் நிலவரம் வேறு.

முன்பதிவுக் காலம் 120 நாளாக இருந்தது 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைந்தபோது, இந்த இடைவெளியும் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் மறையவில்லை. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போகிறவர்கள் முன்பதிவு திறக்கும் நாளிலேயே டிக்கெட் எடுத்தாக வேண்டும். அப்போது ரயில் இடமாற்றம் பற்றிய அறிவிப்பு எதுவும் வந்திருக்காது. ஆகவே, மாறக்கூடும் என்று எண்ணியே திட்டம் போடுவதுதான் ஒரே வழி. அப்படிப் போடும் திட்டத்துக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை, சென்னை எழும்பூரை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். தென் மாவட்டத்துக்காரர்கள் பலருக்கும் சென்னை என்றால் முதலில் எழும்பூர்தானே.

எழும்பூர் நிலையக் கட்டடம் 1908-இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஹென்றி இர்வின், கட்டியவர் ஒப்பந்ததாரர் சாமிநாத பிள்ளை, சொந்தக்காரர் அன்றைய தென்னிந்திய ரயில்வே கம்பெனி. சிவப்பும் வெள்ளையுமாக, குவிமாடங்களோடு காந்தி இர்வின் சாலையைப் பார்த்து நிற்கும் அந்த முகப்பை இடிக்க முடியாது, இடிக்கவும் கூடாது. 2022 மே 26 அன்று தமிழ்நாட்டில் ஐந்து நிலையங்களின் புனரமைப்புக்கு அடிக்கல் நாட்டப்பட்டது: எழும்பூர், மதுரை, காட்பாடி, இராமேஸ்வரம், கன்னியாகுமரி. ஐந்துக்கும் சேர்த்து 1,800 கோடி ரூபாய்க்கு மேல். அதில் எழும்பூருக்கு மட்டும் சுமார் 735 கோடி. பழைய கட்டடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, காந்தி இர்வின் சாலைப் பக்கமும் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கமும் புதிய கட்டடங்கள், பல அடுக்கு வாகன நிறுத்தம், தண்டவாளங்களுக்கு மேலே இரு பக்கத்தையும் இணைக்கும் பெரிய கூடம், வருகிறவர்களுக்கும் புறப்படுகிறவர்களுக்கும் தனித்தனி வழி என்பதுதான் திட்டம்.

இந்தத் திட்டத்தைக் காகிதத்தில் பார்த்தால், எல்லாம் பக்கவாட்டிலும் மேலேயும்தானே நடக்கிறது, ரயிலுக்கு என்ன இடைஞ்சல் என்று தோன்றும். இடைஞ்சல் எங்கே வருகிறது என்பது தெரிந்தால்தான் அறிவிப்புகளின் போக்கும் புரியும்.

மேலே கூடம் கட்ட வேண்டுமென்றால் கீழே தூண்கள் வேண்டும். தூண்கள் நிற்க இருக்கும் ஒரே இடம் பிளாட்பாரம். பிளாட்பாரத்தில் ஆழமாகத் துளை போட்டு அடித்தளம் இறக்க வேண்டுமென்றால், அந்தப் பிளாட்பாரத்தைப் பயணிகளுக்கு மூட வேண்டும், கூரையைப் பிரிக்க வேண்டும், இயந்திரம் உள்ளே வர வழி விட வேண்டும். தண்டவாளத்துக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. கிரேன் அதன் பக்கம் கையை நீட்ட வேண்டுமென்றால் மின்சாரத்தை நிறுத்த வேண்டும், அந்தப் பாதையில் ரயிலையும் நிறுத்த வேண்டும். ரயில்வேக்காரர்கள் இதை ‘பிளாக்’ என்பார்கள். போக்குவரத்து மெலிந்திருக்கும் பின்னிரவில் கிடைக்கும் சில மணி நேரம்தான் அவர்களுக்கு வாய்க்கும். அந்த நேரத்துக்குள் இரும்பு உத்திரத்தை ஏற்றி, பூட்டி, எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு விடியற்காலை ரயிலுக்கு வழிவிட வேண்டும். தினமும் ஆயிரக்கணக்கானோர் புழங்கும் இடத்தில் ராத்திரி ராத்திரியாக இப்படி வேலை செய்கிறவர்களின் உழைப்பு சாமானியமானதில்லை. காலதாமதம் என்று குறைப்படும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் கணக்கு. எழும்பூரில் 11 நடைமேடைகள். அவற்றில் சில புறநகர் மின்சார ரயிலுக்கு, சில நீளம் குறைவானவை. முழு நீள தொலைதூர ரயிலை நிறுத்தத் தோதான நடைமேடைகள் கைவிட்டு எண்ணக்கூடியவை. எல்.எச்.பி. என்ற புதிய வகைப் பெட்டி ஒன்றின் நீளம் ஏறக்குறைய 24 மீட்டர். 22 பெட்டியும் இன்ஜினும் சேர்ந்தால் அரை கிலோமீட்டரைத் தாண்டும். அவ்வளவு நீள ரயில் ஒன்று கிளம்புவதற்கு முன்பே வந்து நிற்க வேண்டும், தண்ணீர் ஏற்ற வேண்டும், படுக்கை விரிப்புகள் ஏற்ற வேண்டும், ஆட்கள் ஏற வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மேல் கன்னியாகுமரி, பொதிகை, முத்துநகர், நெல்லை, பாண்டியன், மலைக்கோட்டை என்று ரயில்கள் வரிசையாகக் கிளம்பும் நேரத்தில், ஒரே ஒரு நீண்ட நடைமேடை மூடியிருந்தாலும் அந்த வரிசை தள்ளாடும். அப்போது இருக்கும் வழி இரண்டு. ஒன்று, ரயில் நிற்கும் நேரத்தைக் குறைப்பது. மற்றது, சில ரயில்களை வேறு நிலையத்துக்கு அனுப்பிவிடுவது.

எழும்பூர் சென்ட்ரலைப் போல முட்டுச் சந்து நிலையம் அல்ல. தெற்கே தாம்பரத்துக்கும் வடக்கே சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தண்டவாளம் தொடர்ந்து போகிறது. அதனால் ரயில்களை இரண்டு பக்கமும் தள்ள முடிகிறது. 2025-இல் அப்படித்தான் நடந்தது. குருவாயூர் எக்ஸ்பிரஸ் சில காலம் தாம்பரத்திலிருந்து கிளம்பியது. மும்பைக்குப் போகும் ரயில் கடற்கரை நிலையத்துக்கு மாறியது. இன்னும் சில ரயில்களும் தாம்பரத்தோடு நின்றன. முதலில் இத்தனை வாரம் என்று அறிவிப்பார்கள், வேலை முடியவில்லையென்றால் நீட்டிப்பார்கள்.

இந்த நீட்டிப்பைத்தான் நாம் மனதில் வைக்க வேண்டும். தற்காலிகம் என்ற சொல்லுக்கு ரயில்வே வேலையில் எவ்வளவு நீளம் இருக்கக்கூடும் என்பதற்கு இராமேஸ்வரம் நல்ல உதாரணம். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது. புதிய பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6. இடைப்பட்ட இரண்டேகால் ஆண்டும் இராமேஸ்வரம் ரயில்கள் மண்டபத்திலோ இராமநாதபுரத்திலோ நின்றுவிட்டன. தீவுக்குள் போக மீதித் தூரம் சாலைதான். அங்கே தடை பாலத்தால் வந்தது, எழும்பூரில் வருவது கட்டட வேலையால். பயணியின் கண்ணில் இரண்டும் ஒன்றே: டிக்கெட்டில் எழுதிய ஊருக்கும் ரயில் நிற்கும் ஊருக்கும் நடுவில் ஒரு தூரம், அதைக் கடப்பது உங்கள் பொறுப்பு. செகந்திராபாத்தில் புனரமைப்பு தொடங்கியபோது பல ரயில்கள் அருகிலுள்ள சர்லப்பள்ளிக்குப் போயின. சர்லப்பள்ளி புதிய முனையமாக 2025 ஜனவரி 6 அன்று திறக்கப்பட்டதால் அங்கே இந்தச் சுமையைத் தாங்க ஓர் இடம் இருந்தது. சென்னைக்குத் தாம்பரம் அந்த வேலையைச் செய்கிறது.

எங்கே ஏறுவது என்பதை நீங்களே முதலில் முடிவு செய்யுங்கள்

என் கருத்தில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ரயில் எங்கிருந்து கிளம்பும் என்பது உங்கள் கையில் இல்லை. எங்கே ஏறுவது என்பது பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

தெற்கே போகும் எழும்பூர் ரயில்களில் மிகப் பெரும்பாலானவை தாம்பரத்தில் நிற்கின்றன. எழும்பூரிலிருந்து தாம்பரம் ரயில் பாதையில் சுமார் 25 கிலோமீட்டர். ரயில் எழும்பூரிலிருந்து வழக்கம்போல் கிளம்பினாலும் தாம்பரத்துக்கு வரும், இடம் மாற்றினாலும் தாம்பரத்திலிருந்துதான் கிளம்பும். ஆகவே ஏறுமிடத்தைத் தாம்பரம் என்று வைத்துக்கொண்டால், எழும்பூரில் என்ன வேலை நடந்தாலும் உங்கள் திட்டம் குலையாது. கிண்டிக்குத் தெற்கே வீடு இருப்பவர்கள் இதில் யோசிக்கவே வேண்டாம். வேளச்சேரியிலிருந்தும் பல்லாவரத்திலிருந்தும் எழும்பூருக்கு வந்து, வந்த வழியே ரயிலில் திரும்பிப் போகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பழக்கம்தான் காரணம்.

ஆனால் இதில் மறுபக்கமும் உண்டு. எழும்பூரிலிருந்து கிளம்பும் ரயில் அங்கே நெடுநேரம் நிற்கும். நிதானமாக ஏறலாம், பெட்டி படுக்கைகளை ஒழுங்காக வைக்கலாம். அதே ரயில் தாம்பரத்தில் ஓரிரு நிமிடம்தான் நிற்கும். முழங்கால் வலியோடு ஒரு பெரியவர், கைக்குழந்தை, மூன்று பைகள் என்று இருக்கிறவர்களுக்கு அந்த இரண்டு நிமிடம் மிகவும் குறைவு. பெட்டி சரியாக எந்த இடத்தில் நிற்கும் என்பது தெரியாவிட்டால் ஓட வேண்டியிருக்கும். அவர்களுக்கு, வேலை நடந்தாலும் எழும்பூர்தான் நல்லது என்பேன். ரயில் தாம்பரத்திலிருந்தே கிளம்பும் காலம் என்றால் இந்தச் சிக்கல் இல்லை, அங்கேயே நின்று ஏற்றிக்கொள்ளும்.

வடக்கே போகும் ரயில்களுக்கு இந்தத் தாம்பரம் கணக்கு பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவற்றை மாற்றினால் கடற்கரைப் பக்கம்தான் போகும். கடற்கரை நிலையம் மின்சார ரயிலுக்குப் பழகிய நிலையம், இரவில் குடும்பத்தோடு காத்திருக்கத் தோதான இடம் குறைவு. அங்கே மிகவும் முன்கூட்டிப் போய் உட்காராமல், நேரத்தை அளந்து போவது நல்லது.

இதை டிக்கெட்டில் எப்படிச் செய்வது? ஐஆர்சிடிசி-யில் முன்பதிவு செய்யும்போதே எழும்பூரிலிருந்து டிக்கெட் எடுத்து, ஏறுமிடத்தைத் தாம்பரம் என்று குறிப்பிடலாம். கட்டண வித்தியாசம் பெரிதாக இருக்காது. பிறகும் மாற்றலாம், ஆனால் அதற்குச் சில விதிகள் உண்டு. மாற்றம் ஒரே ஒரு தடவைதான். மாற்றிய பிறகு பழைய நிலையத்தில் ஏறும் உரிமை போய்விடும். மீறி ஏறினால் அந்தத் தூரத்துக்கு டிக்கெட் இல்லாதவராகக் கணக்கில் வருவீர்கள். மாற்றத்தைப் பயணிகள் பட்டியலான சார்ட் தயாராவதற்கு முன்பே முடித்துவிடுவது பத்திரம். முன்பெல்லாம் சார்ட் ரயில் கிளம்ப 4 மணி நேரம் இருக்கும்போது தயாராகும். 2025 ஜூலையில் அதை 8 மணி நேரமாக முன்னே கொண்டுவரத் தொடங்கினார்கள், அதே ஆண்டு டிசம்பரில் 10 மணி நேரமாக ஆக்கினார்கள். விடியற்காலை 5 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் இடையே கிளம்பும் ரயில் என்றால் முந்தைய நாள் இரவு 8 மணிக்கே. ஆக, கடைசி நாள் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல் முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

ஏறுமிடம் எழும்பூர் என்று டிக்கெட்டில் இருக்கும்போது, சொல்லாமல் தாம்பரத்தில் போய் ஏறிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். டிடிஇ-யின் கையில் இப்போது கருவி இருக்கிறது. ஏறுமிடத்தில் ஆள் வரவில்லை என்று அதில் பதிந்துவிட்டால் அந்தப் படுக்கை ஆர்ஏசி-யில் காத்திருப்பவருக்குப் போய்விடும். இரவு நேரத்தில் அந்த வாக்குவாதம் யாருக்கும் வேண்டாம்.

செய்தி யாருடைய போனுக்கு வருகிறது?

இது சின்ன விஷயம்போலத் தெரியும். ரயில் இடம் மாறினால் எஸ்எம்எஸ் வரும், முன்பதிவில் கொடுத்த எண்ணுக்கு. அந்த எண் யாருடையது? டிராவல்ஸ்காரருடையதா, டிக்கெட் எடுத்துக்கொடுத்த மருமகனுடையதா, கவுன்டரில் படிவம் நிரப்பியபோது அவசரத்தில் எழுதிய பழைய எண்ணா? பயணம் செய்யப்போகிறவரின் கையில் இருக்கும் போனுக்கு அந்தச் செய்தி வராவிட்டால் அது வந்தும் பயனில்லை. என் வீட்டில் இது நடந்தது. அம்மாவும் பெரியம்மாவும் கிளம்புகிற பயணத்துக்கு டிக்கெட் எடுத்தது வேறொரு ஊரில் இருக்கும் தம்பி. செய்தி அவனுக்கு வந்தது, அவன் வேலையில் இருந்தான், சாயங்காலம்தான் பார்த்தான். அதற்குள் இரண்டு பேரும் எழும்பூர் வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கியிருந்தார்கள். நல்ல வேளை, கையில் ஒன்றரை மணி நேரம் இருந்தது. மின்சார ரயிலைப் பிடித்துத் தாம்பரம் போய்ச் சேர்ந்தார்கள். “உட்கார இடம் கிடைச்சுதுப்பா, ஆனா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு” என்று அம்மா ராத்திரி போனில் சொன்னதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அன்றிலிருந்து எஸ்எம்எஸ்-ஐ மட்டும் நம்புவதில்லை. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, முந்தின நாள், கிளம்பும் நாள் என்று மூன்று தடவை ரயில் எண்ணைப் போட்டு, ரயில் நிலவரம் காட்டும் ரயில்வேயின் தளமான என்டிஇஎஸ்-இல் பார்க்கிறேன். ரத்தான ரயில், பாதை மாறிய ரயில், நேரம் மாறிய ரயில் எல்லாம் அதில் தனித்தனியாக வரும். 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன் செயலியிலும் பார்க்கலாம். செயலி பழக்கமில்லாத பெரியவர்களுக்கு 139 என்ற எண் இருக்கிறது. ரயிலின் பெயரை வைத்துத் தேடுவதைவிட எண்ணை வைத்துத் தேடுவது நல்லது. வாட்ஸ்அப்பில் சுற்றும் அறிவிப்புப் படங்களில் தேதி வெட்டுப்பட்டுப் போயிருக்கும். முந்தைய தடவை வந்த மாற்றத்தைப் புதிதென்று நினைத்து ஆட்கள் தாம்பரத்துக்கு ஓடிய கதையும் உண்டு.

நிலையத்துக்குள் எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும்

ரயில் எழும்பூரிலிருந்தே கிளம்புகிறது என்று உறுதியாகிவிட்டது, சரி. இனி நிலையத்துக்குள்.

வேலை நடக்கும் நிலையத்தில் நம் பழைய நினைவு நம்மை ஏமாற்றும். பத்து வருடமாக வண்டி நிறுத்தும் இடத்தில் இப்போது தகரத் தடுப்பு இருக்கும். எப்போதும் ஏறும் நடைமேம்பாலத்தின் ஒரு பக்கப் படிக்கட்டு மூடியிருக்கும். மின் தூக்கி வேறு இடத்துக்குப் போயிருக்கும். பெட்டி எண் காட்டும் பலகை கூரையோடு கழற்றப்பட்டிருக்கும். இவற்றில் ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம்தான் தின்னும். நான்கும் சேர்ந்தால், பையோடு நடக்கும் ஒரு முதியவருக்கு அரை மணி நேரம்.

எழும்பூருக்கு இரண்டு வாசல் என்பதை மறந்துவிடக் கூடாது. காந்தி இர்வின் சாலைப் பக்கம் ஒன்று, பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் ஒன்று. ஒரு வாசலிலிருந்து மறு வாசலுக்குச் சாலை வழியாகப் போவதென்றால் பெரிய சுற்று. டாக்ஸி செயலியில் நிலையத்தின் பெயரை மட்டும் போட்டால் அது தனக்குத் தோன்றிய வாசலுக்கு அழைத்துப் போகும். நடைமேடை எந்தப் பக்கத்துக்கு அருகில் என்பது தெரிந்தால் வாசலையும் குறித்துச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், மேம்பாலம் ஏற முடியாதவர்கள் உடன் வரும்போது, பழைய முகப்பு இருக்கும் காந்தி இர்வின் சாலைப் பக்கம் இறங்குவதே பத்திரம். அங்கே உதவிக்கு ஆள் கிடைப்பதும் சுலபம்.

மெட்ரோ இந்தக் காலத்துக்குக் கிடைத்த பெரிய ஆறுதல். எழும்பூர் மெட்ரோ நிலையம் 2018 மே மாதம் திறந்தது. மாலை நேரத்தில் வண்டிகள் குவிந்து நிற்கும் சாலையில் மாட்டாமல் நிலையத்தின் வாசலிலேயே ஏறி வரலாம். ஒரே ஒரு பை உள்ளவர்களுக்கு மெட்ரோவும் மின்சார ரயிலும்தான் என் முதல் பரிந்துரை. மின்சார ரயிலில் வந்தால் நிலையத்துக்குள்ளேயே இறங்குகிறீர்கள், வாசல் பிரச்சினையே இல்லை.

பெட்டியின் இடம் பற்றி மேலே சொன்ன அரை கிலோமீட்டர் கணக்கை மறுபடி நினைத்துப் பாருங்கள். உங்கள் பெட்டி ரயிலின் ஒரு கோடியில், நீங்கள் இறங்கியதோ மறு கோடியில். பலகை இல்லை. அப்போது செய்யக்கூடியது, வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே செயலியில் பெட்டி வரிசையைப் பார்த்துவைப்பது. இன்ஜினிலிருந்து எத்தனையாவது பெட்டி என்ற ஒரு எண் தெரிந்தால் போதும். இருட்டில், பலகை இல்லாத பிளாட்பாரத்தில், அந்த எண்தான் வழிகாட்டும். போர்ட்டர்களைக் கேளுங்கள். எந்தப் படி மூடியிருக்கிறது, எந்தச் சந்து திறந்திருக்கிறது என்பது எந்தச் செயலியைக் காட்டிலும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். சக்கர நாற்காலி தேவைப்படுவோர் வந்தபின் தேடாமல், கூட ஒருவரை முன்னால் அனுப்பி ஏற்பாடு செய்துவிட்டுப் பெரியவரை இறக்குவது நல்லது. பேட்டரி கார் போகும் வழியில் பள்ளம் தோண்டியிருந்தால் அது பாதியில் நின்றுவிடும்.

எவ்வளவு முன்னால் போக வேண்டும் என்று கேட்பார்கள். சாதாரணமாக நான் அரை மணி நேரம் முன்பு போகிறவன். வேலை நடக்கும் நிலையம் என்றால் ஒரு மணி நேரம், பெரியவர்கள் உடன் வந்தால் ஒன்றரை. அந்த ஒன்றரை மணி நேரம்தான் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் அன்று ரயிலைப் பிடித்துக் கொடுத்தது.

இன்னொரு ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள்

மதுரையிலிருந்து எழும்பூர் வந்து, சென்ட்ரலில் டெல்லி ரயிலோ ஹவுரா ரயிலோ பிடிக்கிறவர்களுக்கு இடமாற்றம் கடுமையாக வலிக்கும். மெட்ரோவில் எழும்பூருக்கு அடுத்த நிறுத்தமே சென்ட்ரல். வந்த ரயில் தாம்பரத்தோடு நின்றுவிட்டால் அந்தத் தூரம் 25 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். பதறிப்போய் டாக்ஸி பிடிக்க வேண்டாம். தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில் ஏறி பூங்கா நிலையத்தில் இறங்கினால், எதிரே சென்ட்ரல். காலை நெரிசலில் சாலையைவிட இதுவே நம்பகமானது. ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். மின்சார ரயிலுக்குத் தனி டிக்கெட் எடுத்துக்கொள்வதும் நல்லது.

இப்படி இரண்டு ரயில் மாறுகிறவர்கள் இரண்டு பிஎன்ஆர்-களையும் இணைத்து முன்பதிவு செய்யும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். 2019 ஏப்ரல் முதல் இது இருக்கிறது, ஆனாலும் தெரிந்தவர்கள் குறைவு. முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது ரயிலைத் தவறவிட்டால், ரத்துக் கட்டணம் பிடிக்காமல் பயணம் செய்யாத பகுதியின் பணம் திரும்பக் கிடைக்கும். இரண்டு டிக்கெட்டிலும் பயணிகளின் விவரம் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் ரயில் இறக்கிவிடும் நிலையமும் இரண்டாவது ரயில் ஏறும் நிலையமும் ஒன்றாகவோ, ஒரே நகரத்துக்குள் அடங்கிய நிலையங்களாகவோ இருக்க வேண்டும். முதல் ரயில் வந்து சேர்ந்த 3 மணி நேரத்துக்குள் கோரிக்கையைப் பதிய வேண்டும். இருந்தாலும், பணம் திரும்ப வந்தால் டெல்லிக்குப் போய்ச் சேர்ந்துவிட மாட்டோம். இரண்டு ரயிலுக்கும் நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம் விடுங்கள். வேலை நடக்கும் காலத்தில் ஆறு மணி நேரம் விட்டாலும் தப்பில்லை.

பணத்தைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். ரயில் முழுவதுமாக ரத்தானால் இ-டிக்கெட்டுக்குப் பணம் தானாகவே திரும்பும், நாம் எதுவும் செய்ய வேண்டாம். நாமே ரத்து செய்யப் போனால்தான் சில சமயம் கட்டணம் பிடித்துவிடும், ஆகவே பொறுத்திருங்கள். ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நாம் போகவில்லை என்று முடிவெடுத்தால், அந்த ரயில் கிளம்புவதற்கு முன்பே டிடிஆர் (பணத்தைத் திரும்பக் கேட்கும் மனு) பதிய வேண்டும். பாதை மாறி நம் ஏறுமிடத்தைத் தொடாமலே ரயில் போய்விட்டால், கிளம்ப வேண்டிய நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை டிடிஆர் பதியலாம். உறுதியான தட்கல் டிக்கெட்டுக்குப் பொதுவாகப் பணம் திரும்பாது என்றாலும், இத்தகைய தாமதத்துக்கும் பாதை மாற்றத்துக்கும் விதிவிலக்கு உண்டு. இது தெரியாமல் தட்கல்தானே என்று பணத்தை விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

திரும்பி வரும்போது

போகும் பயணத்தை எல்லோரும் திட்டமிடுகிறோம், திரும்புவதை விட்டுவிடுகிறோம். இரவு ரயிலில் வந்து விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு இறங்கும்போதுதான் இடமாற்றம் அதிகம் தொந்தரவு செய்யும். ரயில் தாம்பரத்தில் நின்றுவிட்டது, எழும்பூரில் கூப்பிட வந்தவர் காத்துக்கொண்டிருக்கிறார், இருவருமே போனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது வாராவாரம் நடக்கும் காட்சி.

அதிகாலை நான்கு மணி வாக்கில் தாம்பரத்திலிருந்து மின்சார ரயில்கள் ஓடத் தொடங்கிவிடும். மெட்ரோ ஐந்து மணிக்கு. தாம்பரத்துக்கு நேரடி மெட்ரோ இல்லை, மின்சார ரயிலில் பரங்கிமலைக்கோ கிண்டிக்கோ வந்தால் மெட்ரோவுக்கு மாறலாம். 2025 மே மாதம் புதுப்பித்துத் திறக்கப்பட்ட நிலையங்களில் பரங்கிமலையும் ஒன்று, சிதம்பரம், ஸ்ரீரங்கம், விருத்தாசலம், மன்னார்குடி ஆகியவற்றோடு. அந்த நேரத்தில் இறங்கி மாறுவதற்கு நல்ல இடம்.

கூப்பிட வருகிறவரிடம் நிலையத்தின் பெயரைச் சொல்லாமல் ரயில் எண்ணைச் சொல்லுங்கள். அவரே முந்தின இரவு என்டிஇஎஸ்-இல் பார்த்துக்கொள்வார். செங்கல்பட்டு தாண்டும்போது ஒரு போன் போட்டால், தாம்பரம் வர இன்னும் அரை மணி நேரமாவது இருக்கும்.